காணாத கொலையும் கண்ட தனிமையும்: ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ திரைப்படத்தில் சாட்சியும் அண்டையரும்

ஆய்வுச்சுருக்கம்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய ‘ரியர் விண்டோ’ (1954), பிறர் வாழ்வை மறைந்திருந்து நோக்குவதன் இன்பத்தையும் குற்றத்தையும் பேசும் படமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்பு படத்தின் ஒரு பாதியையே விளக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். படத்தில் கொலையை எவரும் காண்பதில்லை. கண்டதாகச் சொல்வோரின் சாட்சியம் பிழையாகிறது. மறுபுறம், தனிமையால் உயிரை மாய்த்துக்கொள்ள முனையும் ஒரு பெண் எல்லோர் கண்ணெதிரிலும் இருக்கிறாள். குற்றத்துக்குத் தடயம் தேடும் பார்வை உயிரோடிருக்கும் அண்டையரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்னும் வினாவை, நாயின் மரணம், தொலைபேசி அழைப்பு, தார்வால்டின் வருகை ஆகிய காட்சித் தொடர்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: ஹிட்ச்காக், ரியர் விண்டோ, சாட்சி, அண்டையர், பார்வை, துப்பறியும் திரைப்படம்

முன்னுரை

நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதி, கடுங்கோடை. கார்ப் பந்தய விபத்தொன்றைப் படமெடுக்கச் சென்று கால் முறிந்த பத்திரிகைப் புகைப்படக்காரன் ஜெஃப்ரீஸ், மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் முடங்கியிருக்கிறான். அவன் சன்னலுக்கு எதிரே ஒரு பொது முற்றத்தைச் சூழ்ந்து பல குடியிருப்புகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் வாழும் கவரிங் நகை விற்பனைப் பிரதிநிதி லார்ஸ் தார்வால்டின் நோயாளி மனைவி அன்னா ஒருநாள் காணாமற்போகிறாள். தார்வால்ட் அவளைக் கொன்றுவிட்டான் என ஜெஃப்ரீஸ் முடிவு செய்கிறான். அவன் காதலி லிசாவும் அவனைக் கவனித்துக்கொள்ள வரும் செவிலி ஸ்டெல்லாவும் முதலில் மறுத்துப் பின்னர் உடன்படுகின்றனர். காவல்துறையைச் சேர்ந்த நண்பன் டாயில் இறுதிவரை நம்ப மறுக்கிறான்.

இப்படத்துக்கு மூலம், கார்னெல் வுல்ரிச் 1942இல் ‘டைம் டிடெக்டிவ்’ இதழில் எழுதிய சிறுகதை. அக்கதையின் முதல் தலைப்பு ‘இட் ஹேட் டு பி மர்டர்’ என்பது. தமிழில் இதனைக் ‘கொலையாகத்தான் இருந்திருக்க வேண்டும்’ எனலாம். ‘கொலை நடந்தது’ என்னும் கூற்றுக்கும் ‘கொலையாகத்தான் இருந்திருக்க வேண்டும்’ என்னும் கூற்றுக்கும் இடையிலான தொலைவு சிறிதன்று. முன்னது கண்டவன் கூற்று. பின்னது ஊகித்தவன் கூற்று. ஜான் மைக்கேல் ஹேய்ஸ் எழுதிய திரைக்கதை தலைப்பை மாற்றிக்கொண்டாலும் இந்த ஊகத்தின் இலக்கணத்தை விட்டுவிடவில்லை.

மூலக்கதையில் இல்லாத பலர் படத்தில் உள்ளனர். லிசாவும் ஸ்டெல்லாவும் அவ்வாறு வந்தவர்கள். ஜெஃப்ரீஸ் ‘மிஸ் லோன்லிஹார்ட்ஸ்’ எனப் பெயரிட்டழைக்கும் தனித்த பெண், பியானோவின்முன் ஒரு பாடலை முடிக்க முடியாமல் திணறும் இசையமைப்பாளன், பூப்பாத்தியைக் கிளறும் சிறுநாய் ஆகியோரும் திரைக்கதையின் சேர்க்கைகளே. துப்பறியும் கதைக்கு இவர்கள் இன்றியமையாதவர்கள் அல்லர். நாயை மட்டும் ஒரு தடயமாகக் கணக்கில் கொள்ளலாம். ஆயினும் பாரமவுண்ட் படப்பிடிப்புத் தளத்துக்குள் 31 குடியிருப்புகள் கொண்ட முற்றம் ஒன்றைக் கட்டியெழுப்பி, உயரம் போதாமையால் தளத்தின் தரையையே பெயர்த்து அடித்தளம் வரை இறங்கியது ஒரே ஒரு கொலையைக் காட்டுவதற்காக இருக்க முடியாது.

ஆய்வு மரபு

ழான் தூஷே 1960இல் எழுதிய கட்டுரையில் ஜெஃப்ரீஸைத் திரையரங்கப் பார்வையாளனாகவும் எதிர்க் கட்டடத்தைத் திரையாகவும் கண்டார். லாரா மல்வி 1975இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, ஆணின் பார்வை பெண்ணைக் காட்சிப்பொருளாக்கும் முறைக்கு இப்படத்தைச் சான்றாக்கியது. லிசா தன்னருகில் இருக்கும்வரை ஆர்வம் காட்டாத ஜெஃப்ரீஸ், அவள் முற்றத்தைக் கடந்து எதிர்ப்புறம் சென்று காட்சியின் பகுதியானபின்பே ஈர்க்கப்படுகிறான் என்பது அவர் சுட்டிய நுட்பம். டானியா மாட்லெஸ்கி 1988இல் வெளியிட்ட நூலில், பெண் பாத்திரங்களின் பார்வைக்கும் செயலுக்கும் உரிய இடத்தை மீட்டெடுத்தார். படம் வெளியான 1954, அமெரிக்காவில் மெக்கார்த்தியின் விசாரணைகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆண்டு என்பதால், அண்டை வீட்டாரை வேவு பார்க்கும் அரசியல் சூழலோடு இதனை இணைப்போரும் உளர்.

இவ்வாசிப்புகள் அனைத்தும் பார்ப்பவனை மையமாகக் கொண்டவை. பார்க்கப்படுவோரில் தார்வால்டும், எதிர்ப்புறம் சென்றபின் லிசாவும் மட்டுமே அவற்றில் கனம் பெறுகின்றனர். ஏனையோர் முற்றத்தின் அலங்காரமாகவோ, ஜெஃப்ரீஸின் திருமண அச்சத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடிகளாகவோ சுருங்கிவிடுகின்றனர். அவர்களை இவ்வாறு சுருக்குவது ஜெஃப்ரீஸ் செய்ததும்தான். திறனாய்வும் அதையே திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

உறங்கிய சாட்சி

கொலை நிகழும் இரவில் பார்வையாளருக்குக் கிடைப்பவை ஒரு பெண்ணின் அலறலும் ஏதோ உடையும் ஓசையும் மட்டுமே. பின்னர் மழையில் தார்வால்ட் தன் மாதிரிப் பெட்டியோடு மீண்டும் மீண்டும் வெளியே சென்று திரும்புவதை ஜெஃப்ரீஸ் காண்கிறான். மறுநாள் கத்தியும் இரம்பமும் செய்தித்தாளில் பொதியப்படுகின்றன. டிரங்குப் பெட்டி ஒன்று கயிற்றால் கட்டப்பட்டு வெளியேறுகிறது. இத்தனைக்கும் நடுவே அன்னாவின் சன்னல் திரை இறங்கியே இருக்கிறது. ஜெஃப்ரீஸ் கண்டவை யாவும் கொலைக்குப் பிற்பட்டவை. தனித்தனியே எடுத்துக்கொண்டால் குற்றமற்றவை.

இங்கு ஹிட்ச்காக் செய்துள்ள ஓர் ஏற்பாடு போதிய கவனம் பெற்றதில்லை. விடியலில் தார்வால்ட் கருப்புடை அணிந்த ஒரு பெண்ணோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறான். அதனைக் கேமரா காட்டுகிறது, பார்வையாளர் காண்கின்றனர். ஜெஃப்ரீஸ் அப்போது நாற்காலியில் உறங்கிக்கொண்டிருக்கிறான். படத்தின் பெரும்பகுதியில் அவன் அறைக்குள்ளிருந்தே முற்றத்தை நோக்கும் கேமரா, அவன் அறியாத ஒன்றைப் பார்வையாளரிடம் ஒப்படைக்கும் தருணம் இது. அதுவும் அவனது ஊகத்துக்கு எதிரான சான்று. அந்தப் பெண் அன்னாவாக இருப்பின் கொலையே இல்லை.

பின்னர் டாயில் விசாரிக்கும்போது, தம்பதியர் காலையில் வெளியேறியதைக் கண்டதாகக் கட்டடத்தைச் சேர்ந்தோர் சொல்கின்றனர். மெரிட்ஸ்வில் என்னும் ஊரில் டிரங்குப் பெட்டியை அன்னா தார்வால்ட் என்னும் பெயரில் ஒரு பெண் பெற்றுக்கொண்டதும் உறுதியாகிறது. கண்டவர்கள் உள்ளனர்; ஆவணம் உள்ளது; முறையான விசாரணையும் நடந்துள்ளது. அனைத்தும் பிழை. ‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது தமிழில் வழங்கும் பழமொழி. இப்படத்தில் தீர விசாரித்தவனும் பொய்யையே வந்தடைகிறான். காணாமல் உறங்கியவன் சொன்னதே மெய்யாகிறது.

டாயிலின் முடிவை உடைப்பது லிசாவின் அறிவு. தனக்குப் பிடித்த கைப்பையையும் நகைகளையும், அதிலும் திருமண மோதிரத்தையும், விட்டுவிட்டு எந்தப் பெண்ணும் பயணம் போகமாட்டாள் என்கிறாள் அவள். இது கண்ணால் கண்டதன்று. ஒரு பெண் எவ்வாறு வாழ்வாள் என்பதை உள்ளிருந்து அறிந்த அறிவு. டெலிஃபோட்டோ லென்ஸ் தர முடியாத ஒன்றை அது தருகிறது. மறைந்த பெண்ணை ஒரு பெண்ணாக எண்ணிப் பார்ப்பவள் இவ்விடத்தில் லிசா ஒருத்தியே.

காண்பதும் சாட்சியாவதும் ஒன்றல்ல என்பது தமிழ் வாசகருக்குப் புதிய செய்தியன்று. குறுந்தொகையின் 25ஆம் பாடலில், தலைவன் தன்னைக் களவில் மணந்தபோது உடனிருந்தது மீனை எதிர்நோக்கி நின்ற குருகு மட்டுமே எனக் கபிலரின் தலைவி சொல்கிறாள். குருகின் கவனம் அதன் இரையின்மீது இருந்தது. ஹிட்ச்காக்கின் முற்றத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கவனம் என்னும் சொல்லே உதவுகிறது. முற்றத்தில் கண்களுக்குப் பஞ்சமில்லை. அவை எதனை எதிர்நோக்கி நின்றன என்பதே வினா.

நாயின் மரணம்

டாயில் தன் முடிவைக் கூறிச் சென்றபின், ஜெஃப்ரீஸும் லிசாவும் சோர்ந்து போகின்றனர். ஒருவன் தன் மனைவியைக் கொல்லவில்லை என்று கேட்டதற்காகத் தாங்கள் இருவரும் துயரத்தில் ஆழ்ந்திருப்பதை லிசாவே எண்ணி அருவருக்கிறாள். காட்சி முடிந்தது என்பதுபோல் சன்னல் திரைகளை இறக்குகிறாள். அத்தருணத்தில் முற்றத்திலிருந்து ஓர் அலறல் எழுகிறது. பூப்பாத்தியைக் கிளறி வந்த சிறுநாய் கழுத்து முறிக்கப்பட்டுக் கிடக்கிறது.

நாயை வளர்த்த பெண், கட்டடத்தின் வெளிப்புற இரும்பு மேடையில் நின்று அழுதுகொண்டே முற்றம் முழுவதையும் நோக்கிக் குற்றஞ்சாட்டுகிறாள். அண்டையர் என்னும் சொல்லின் பொருளை உங்களில் எவரும் அறியவில்லை, ஒருவர் வாழ்கிறாரா சாகிறாரா என்பதில் உங்களுக்கு அக்கறை இல்லை என்பது அவள் கூற்றின் சாரம். நாயை இழந்த ஒருத்தியின் மிகையுணர்ச்சி என இதனை ஒதுக்கிவிடுவது எளிது. படத்தின் உருவாக்கம் அதற்கு இடந்தரவில்லை. அதுவரை ஜெஃப்ரீஸின் சன்னலிலிருந்து தொலைவில் நின்று நோக்கிய கேமரா, இக்காட்சியில் முற்றத்துக்குள் இறங்குகிறது. முகங்கள் அருகில் தெரிகின்றன. மிஸ் லோன்லிஹார்ட்ஸ் கீழே வந்து நாயின் உடலைத் தொட்டுத் தூக்குகிறாள். பட்டப்பெயர்களும் கேலிச் சித்திரங்களுமாய் இருந்தோர் சில நொடிகளுக்கு மனிதர்களாகின்றனர்.

ஜெஃப்ரீஸ் அக்குற்றச்சாட்டைக் கேட்கிறான். ஆனால் அவனுக்குப் புலப்படுவது வேறொன்று. எல்லோரும் சன்னலுக்கு வந்துவிட்டனர். தார்வால்ட் மட்டும் வரவில்லை. அவனது இருண்ட அறையில் சுருட்டின் கனல் மட்டும் ஒளிர்ந்து மங்குகிறது. துப்பறியும் கதையின் நோக்கில் இது மிகச் சிறந்த கணம். ஒரு பெண்ணின் அழுகை அதே கணத்தில் ஒரு தடயமாக மாற்றப்பட்டுவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவளது சொற்களுக்கு எவரும் விடை தருவதில்லை. பார்வையாளரும் சுருட்டின் கனலைக் கண்ட மகிழ்ச்சியில் அவளை மறந்துவிடுகின்றனர். கொலை நிகழ்ந்தே இருக்க வேண்டும் என்னும் விருப்பம் ஜெஃப்ரீஸுக்கு மட்டும் உரியதன்று. விடியலில் கருப்புடைப் பெண்ணைக் கண்டபின்னும் அவன் பக்கமே நின்ற பார்வையாளருக்கும் அதில் பங்குண்டு.

ஒரு தொலைபேசி அழைப்பு

படத்தின் அறவியல் முடிச்சு அதன் இறுதிப் பகுதியில், சில நிமிடங்களுக்குள் நிகழும் ஒரு தொலைபேசி அழைப்பில் உள்ளது. திறனாய்வாளர்கள் பெரும்பாலும் லிசா மோதிரத்தைக் காட்டும் காட்சிக்கு விரைந்துவிடுவதால் இந்த அழைப்பு பின்தங்கிவிடுகிறது.

மிஸ் லோன்லிஹார்ட்ஸின் துயரம் படத்தில் படிப்படியாகக் காட்டப்படுகிறது. வராத விருந்தினன் ஒருவனுக்கு அவள் மேசை விரித்து, மது ஊற்றி, அவனோடு உரையாடுவதுபோல் நடிக்கிறாள். அதனைத் தொலைவிலிருந்து காணும் ஜெஃப்ரீஸ் தன் கோப்பையை உயர்த்துகிறான். அது பரிவு; ஆனால் அவளைச் சென்றடையாத பரிவு. பின்னொரு நாள் அவள் வீட்டுக்கு அழைத்துவந்த இளைஞன் அத்துமீறுகிறான். அவனை வெளியேற்றிவிட்டு அவள் அழுகிறாள். அதன்பின் ஒரு மாலையில் அவள் மாத்திரைகளை எடுத்துவைப்பதை ஸ்டெல்லா காண்கிறாள். செவிலியாதலால் அவை எத்தகையவை என்பதும் அவளுக்குத் தெரிகிறது. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறாள். அதற்குமேல் எதுவும் நடப்பதில்லை. பூப்பாத்தியைத் தோண்ட வேண்டிய வேலை காத்திருக்கிறது.

தார்வால்டைத் தொலைபேசியில் ஏமாற்றி வெளியே அனுப்பிவிட்டு, லிசாவும் ஸ்டெல்லாவும் தோண்டச் செல்கின்றனர். தனித்திருக்கும் ஜெஃப்ரீஸ் மிஸ் லோன்லிஹார்ட்ஸை நோக்கி, ஸ்டெல்லாவின் ஐயம் தவறு என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். ஓர் அறையில் கத்தியும் கயிறும் கண்டு கொலையை ஊகித்தவன், மற்றோர் அறையில் மாத்திரைகள் இருந்தும் ஊகிக்க மறுக்கிறான். கூர்மையான கண் என்று நாம் நம்பி வந்தது இதுவே.

பாத்தியில் ஒன்றும் கிடைப்பதில்லை. லிசா சுவரேறித் தார்வால்டின் வீட்டுக்குள் நுழைகிறாள். அவன் திரும்பி வருவது தெரிந்தவுடன் அவ்வீட்டுத் தொலைபேசியை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அந்நேரத்தில் ஸ்டெல்லா மிஸ் லோன்லிஹார்ட்ஸைக் காண்கிறாள். காவல்துறையை அழைக்கும்படி பதறுகிறாள். ஜெஃப்ரீஸ் எண்களைச் சுழற்றுகிறான். மறுமுனை பேசக் காத்திருக்கும்போது, இசையமைப்பாளன் நண்பர்களோடு தன் பாடலை வாசிக்கத் தொடங்குகிறான். மாத்திரைகளைக் கையில் வைத்திருந்தவள் அவ்விசையைக் கேட்டு நிற்கிறாள். அவ்வளவில் தார்வால்ட் வந்துவிடுகிறான்; லிசாவை எச்சரிக்கும் நேரம் கடந்துவிட்டது. காவல்நிலையம் அழைப்பை ஏற்கும்போது ஜெஃப்ரீஸ் சொல்வது தார்வால்டின் முகவரியை. ஒருவன் ஒரு பெண்ணைத் தாக்குகிறான் என்பதை. மிஸ் லோன்லிஹார்ட்ஸுக்காகச் சுழற்றப்பட்ட அழைப்பு லிசாவைக் காப்பாற்றப் பயன்படுகிறது.

இத்தொடரை எளிய நீதியாகச் சுருக்க இயலாது. அண்டைப் பெண்ணின்மீது கவனம் திரும்பிய அந்த ஒரு தருணத்தில்தான் லிசா ஆபத்தில் விடப்படுகிறாள். ஜெஃப்ரீஸும் ஸ்டெல்லாவும் கவனித்திருந்தால் என்று குறைகூறும் வாசகர், எதனைக் கவனித்திருக்க வேண்டும் என்றும் சொல்லக் கடமைப்பட்டவராகிறார். இரு சன்னல்களையும் ஒரே நேரத்தில் காப்பது நாற்காலியில் இருப்பவனால் ஆகாது. அதேவேளையில் அவ்விருவரும் மிஸ் லோன்லிஹார்ட்ஸின் மாத்திரைகளை முன்பே அறிந்திருந்தனர் என்பதும் உண்மை. நெருக்கடியில் செய்ய நேர்ந்த தேர்வு, நெருக்கடிக்கு முன் செய்யாமல் விட்டதன் விளைவு.

அவளைக் காப்பாற்றியவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அல்லன். இசையமைப்பாளனுக்கு அவள் சன்னலில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. அவன் தன் வேலையைச் செய்தான். முற்றம் அதனைக் கேட்டது. இப்படத்தின் இசையில் பெரும்பகுதி முற்றத்து வீடுகளிலிருந்தே எழுவதாக அமைக்கப்பட்டிருப்பது வெறும் இயல்புவாத உத்தி என்று கருதியோர் இவ்விடத்தில் மறுபடி எண்ணிப்பார்க்கலாம். சன்னலை மூடினால் பார்வை தடைப்படும்; ஒலி சுவர்களையும் கடந்து செல்லும். ஃப்ரான்ஸ் வாக்ஸ்மன் அமைத்த அந்தப் பாடல் படம் நெடுகிலும் சிறிது சிறிதாக உருப்பெற்று வந்ததன் பயன் இங்கே தெரிகிறது.

தார்வால்டின் கேள்வி

லிசா தன் விரலில் அணிந்த அன்னாவின் மோதிரத்தை முதுகுப்புறமாகச் சுட்டிக்காட்ட, தார்வால்ட் அதனைக் கண்டு, சைகை யாருக்குச் செல்கிறது என்று தலைநிமிர்கிறான். அவன் பார்வை நேரே கேமராவைச் சந்திக்கிறது. பார்க்கப்பட்டவன் திருப்பிப் பார்ப்பதன் அதிர்ச்சியைப் பலரும் விரிவாக எழுதியுள்ளனர். அதைவிட நெடிய தாக்கம் கொண்டது, அவன் ஜெஃப்ரீஸின் அறைக்குள் வந்து நின்று கேட்கும் கேள்வி. என்னிடமிருந்து உனக்கு என்ன வேண்டும், பணமா என்று அவன் கேட்கிறான். ‘அவளை என்ன செய்தாய்’ என்னும் பொருளில் கடிதம் அனுப்பியும், இறந்த மனைவியின் சொத்தைப் பற்றிப் பேசலாம் என்று தொலைபேசியில் அழைத்தும், தன்னை ஒரு மிரட்டல்காரனாகக் காட்டிக்கொண்டவன் ஜெஃப்ரீஸே. ஆகவே கேள்வி நியாயமானது. ரேமண்ட் பர் அதனைச் சீற்றத்தோடு கேட்கவில்லை. களைத்துப்போனவனின் குரலில் கேட்கிறார். கொலைகாரன் ஒருவனிடம் பார்வையாளர் சற்றேனும் இரக்கம் கொள்ளும் இடம் இது.

ஜெஃப்ரீஸ் விடை சொல்வதில்லை. ஃப்ளாஷ் பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கச் செய்து அவன் கண்களைக் கூசவைக்கிறான். தொழிற்கருவியே ஆயுதமாகும் சாதுரியத்தை வியக்கலாம். ஆனால் அன்னாவுக்கு நீதி வேண்டும் என்று ஒரு சொல்லும் அவன் வாயிலிருந்து வரவில்லை. வர இயலாது என்பதே பொருத்தம். அன்னா உயிரோடிருந்த நாள்களில், தொலைபேசியில் தன் பதிப்பாசிரியரிடம் நச்சரிக்கும் மனைவியரைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டே தார்வால்ட் தம்பதியரை நோக்கியவன் அவன். தன்னைப் போலவே படுக்கையில் முடங்கி, சன்னலருகே நாளைக் கழித்த ஒருத்தி அவள் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை.

முற்றத்தில் எஞ்சுவது

குற்றம் வெளிப்பட்டபின், உடலின் பகுதிகள் ஈஸ்ட் ஆற்றில் கிடப்பதும், பாத்தியில் புதைத்தது தோண்டியெடுக்கப்பட்டு ஒரு தொப்பிப் பெட்டிக்குள் மாற்றப்பட்டதும் காவலர் வாய்மொழியாகவே தெரியவருகின்றன. அதனைப் பார்க்க வேண்டுமா என்று கேட்கும்போது ஸ்டெல்லா மறுத்துவிடுகிறாள். அவள் மறுப்பு ஒரு நகைச்சுவைச் சிலேடையாக எழுதப்பட்டுள்ளது. இத்தனை நாளும் எட்டி எட்டிப் பார்த்தவர்கள் இறுதியில் பார்க்க மறுப்பதில் முரண்சுவை உண்டு. ஆயினும் இச்சிலேடை அன்னாவைச் செலவாக்கி வாங்கிய சிரிப்பு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஹிட்ச்காக்கின் நகைச்சுவை பல இடங்களில் கூர்மையானது. இங்கே அது கதைமாந்தரின் அலட்சியத்தை விமரிசிக்கிறதா, அதில் பங்குகொள்கிறதா என்பது தெளிவாகவில்லை.

இறுதிக் காட்சியில் வெப்பம் தணிந்திருக்கிறது. நாயை இழந்த தம்பதியர் புதிய குட்டி ஒன்றைப் பழக்குகின்றனர். மிஸ் லோன்லிஹார்ட்ஸ் இசையமைப்பாளனின் அறையில் அமர்ந்து, முற்றுப்பெற்ற அப்பாடலின் இசைத்தட்டைக் கேட்கிறாள். அது தனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை அவனிடம் சொல்லவும் முயல்கிறாள். ஜெஃப்ரீஸ் அதனைக் காண்பதில்லை. இப்போது இரு கால்களிலும் மாவுக்கட்டோடு, படத்தின் தொடக்கத்தில் இருந்ததைப் போலவே சன்னலுக்கு முதுகு காட்டி உறங்குகிறான். முற்றத்தின் மறுபுறம் தார்வால்ட் வீட்டின் சுவர்களுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருக்கிறார்கள்.